இனம் சேர்க்கும் முறை

கலந்து கிடக்கும் பொருள்களை இனம் இனமாகப் பிரித்து வைத்தல் மக்கள் வாழ்க்கையில் நாள்தோறும் நிகழும் செயலாகும். களத்து மேட்டில் உழவன் நெல்லையும் பதரையும் பிரிக்கின்றான். ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் வணிகர் விரலி மஞ்சளைத் தனியாகவும் கிழங்கு மஞ்சளைத் தனியாகவும் வைத்து விலை கூறுகின்றனர். இலக்கண நூலாரும் இவ்வாறே செய்தனர். கொங்குநாட்டில் பிறந்தவர் என வழங்கப்பெறும் பவணந்தி முனிவர், தம் நன்னூலில் மெய்யெழுத்துப் பதினெட்டையும் வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்றாகப் பகுத்து, இனத்துக்கு ஆறாக வைத்தார். அப்பகுப்புக்கு அவர் கொண்ட அடையாளம் ஓசை. வன்மையாக ஒலிப்பவை ஓரினம். மென்மையாக ஒலிப்பவை மற்றோரினம். இரண்டிற்கும் இடைப்பட்டு ஒலிப்பவை மூன்றாம் இனம்.

பொருள்கள் சிலவாயின், அவற்றை எம்முறையாற் பிரித்தாலும் பெருங்கேடு இல்லை. பொருள்கள் ஆயிரமாகவும் இலட்சமாகவும் பெருகும்போது முறையின் அருமை புலப்படும். நல்ல முறை சில நிமிடங்களில் முடிக்கும் வேலையைத் தீய முறை பல நாட்களுக்கு இழுக்கும். ஆதலின், இனம் சேர்ப்பதற்கு ஏற்ற எளிய முறை யாது என்பதை ஆராய்தல் வேண்டும். அதனை விளக்குதற்குக் கோயம்புத்தூர் அஞ்சல் நிலையத்தில் வந்து குவியும் கடிதங்களினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கொங்குநாட்டு ஊர்ப்பெயர்களை நோக்குவோர்க்கு ஒரு செய்தி விளங்கும். பாளையம், புதூர், வலசு, பட்டி என்னும் சொற்களால் முடியும் ஊர்கள் அங்கே மிகப் பல. மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம், பெரியநாயக்கன்பாளையம், கவுண்டம்பாளையம், குமாரபாளையம் எனப் பாளையங்கள் மட்டுமே ஒரு நீண்ட பட்டியலாக விரியும். இவ்வூர்களுக்கெல்லாம் கடிதங்கள் எழுதப்படுகின்றன. அவை பல பெட்டிகளிலிருந்தும் திரட்டப்பட்டு ஒரே குவியலாய் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. அக்குவியலில் வேலைக்குரிய நேர்முகத் தேர்வுக்கு ஓர் இளைஞனை அழைக்கும் கடிதமும் இருக்கலாம். தொலைவிலுள்ள மகன் தன் தாய்க்கு எழுதிய கடிதமும் இருக்கலாம். தேர்வு நாள் கழிந்தபின் சேரும் அழைப்பால் பயன் என்ன? ஒரு கடிதம் பிழையான கட்டில் சேருமாயின் அதனால் வரும் இழப்பு ஒரு குடும்பத்தின் இழப்பாகும்.

இனி, இக்குவியலைப் பிரிக்கும் வழியை ஆராய்வோம். முதலில் தோன்றக்கூடிய வழி ஒன்றுண்டு. ஒரு கடிதத்தைக் கையில் எடுத்து, ஏனைய எல்லாக் கடிதங்களோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒரே திசைக்குச் செல்வன எவை எனக் காண்பது அவ்வழி. பின்னர் இரண்டாம் கடிதத்தை எடுத்து எஞ்சியவற்றோடு ஒப்பிடுதல் வேண்டும். அதன்பின் மூன்றாம் கடிதம். இங்ஙனம் ஒவ்வொன்றையும் மற்றெல்லாவற்றோடும் ஒப்பிட்டால், பத்துக் கடிதங்களுக்கு 45 ஒப்பீடுகள் வேண்டும். நூறு கடிதங்களுக்கு 4,950 ஒப்பீடுகள் வேண்டும். ஆயிரம் கடிதங்களுக்கோ 4,99,500 ஒப்பீடுகள் வேண்டும். கடிதம் பத்து மடங்கு பெருகினால் உழைப்பு ஏறத்தாழ நூறு மடங்கு பெருகுகின்றது. ஓர் ஒப்பீட்டுக்கு ஒரு நொடி எனக் கொண்டாலும், இரவும் பகலும் ஓயாது உழைப்பவனுக்கு ஆயிரம் கடிதங்களைப் பிரிக்க ஐந்து நாட்களுக்கு மேலாகும். அதற்குள் அடுத்த நாட்களின் கடிதங்கள் மலைபோற் குவிந்துவிடும்.

அஞ்சல் துறையினர் இவ்வழியைக் கொள்ளவில்லை. கடிதம் பிரிப்போன் முன்னே மரத்தாலான ஓர் அடுக்கு நிற்கும். அது சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு திசைக்கு உரியது. அவன் கடிதத்தை எடுக்கின்றான், முகவரியை நோக்குகின்றான், அதற்குரிய அறையில் இடுகின்றான், அடுத்த கடிதத்துக்குக் கையை நீட்டுகின்றான். ஒரு கடிதத்தை மற்றொரு கடிதத்தோடு அவன் ஒருபோதும் ஒப்பிடுவதில்லை. குவியல் தீரும்போது வேலையும் தீர்கின்றது. ஆயிரம் கடிதங்களை அவன் ஆயிரம் முறை நோக்கினாற் போதும். ஒரு கடிதத்துக்கு ஒரு நொடியாயின், ஆயிரம் கடிதங்களுக்கு ஆவது பதினேழு நிமிடங்களுக்குள்ளேதான். கடிதம் பத்து மடங்கானால் உழைப்பும் பத்து மடங்கே ஆகும். நூறு மடங்கு ஆவதில்லை.

இம்முறை ஓடும் இரயிலிலும் கையாளப்பட்டது. இந்தியாவில் 1863-ஆம் ஆண்டில் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே ஓடிய வண்டியில் கடிதம் பிரிக்கும் வேலை தொடங்கிற்று. அதிலிருந்து வளர்ந்ததே ஆர்.எம்.எஸ். என மக்கள் வழங்கும் இரயில்வே அஞ்சல் பணி. முன்னாளில் வண்டி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, அஞ்சற்பெட்டியினுள் பணியாளர் விளக்கொளியில் நின்று அறை அறையாகக் கடிதங்களைப் பிரிப்பர். அடுத்த நிலையம் வருமுன் அந்நிலையத்துக்குரிய கட்டு ஆயத்தமாதல் வேண்டும். எல்லாவற்றையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் ஏது? ஒரே சுற்றில் முடிக்கும் முறையே அவர்களைக் காத்தது.

ஆயினும், இம்முறை செம்மையாக நடைபெறுதற்கு இன்றியமையாத ஒன்றுண்டு. அது கடிதத்தை நோக்கிய அளவிலே, எந்த அறைக்கு உரியது எனக் காட்டும் அடையாளக் குறியாகும். ஊர்ப்பெயரே அக்குறியாகாதோ என மாணவர் வினவலாம். ஊர்ப்பெயர் இருவகையால் ஏமாற்றும். முதலாவது, ஒரே ஊருக்குப் பல பெயர்கள் உண்டு. கோயம்புத்தூர், கோயமுத்தூர், கோவை என மூவகையாக எழுதினாலும் ஊர் ஒன்றே. உதகமண்டலம், உதகை, ஊட்டி என்பனவும் அவ்வாறே. எழுத்தை மட்டும் நோக்குவோன் ஓரூருக்கு மூன்று அறைகள் வகுத்துவிடுவான். இரண்டாவது, ஒரே பெயர் கொண்ட ஊர்கள் பல உண்டு. நீலகிரியின் அடிவாரத்தில் ஒரு மேட்டுப்பாளையம் உளது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஒன்று உளது. புதுச்சேரியிலும் ஒன்று உளது. பெயரை மட்டும் நோக்குவோன் மூன்று ஊர்க் கடிதங்களையும் ஓரறையில் இட்டுவிடுவான். சேர வேண்டியவை பிரிவது ஒரு குற்றம். பிரிய வேண்டியவை சேர்வது மற்றொரு குற்றம். இவ்விரு குற்றமும் இல்லாத குறியே நற்குறியாகும்.

இக்குறையை நீக்குதற்கே இந்திய அஞ்சல் துறை 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாளன்று அஞ்சல் குறியீட்டு எண்ணை நடைமுறைக்குக் கொணர்ந்தது. அதனையே மக்கள் பின்கோடு என்பர். இதனை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பார். அவர் நடுவணரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர்பதவி வகித்தவர். வடமொழியில் கவிதையும் நாடகமும் இயற்றிய புலவருமாவார். பல மொழிகள் வழங்கும் நாட்டில் ஊர்ப்பெயர்கள் பலவாறு எழுதப்படும். ஒரே பெயர் பல இடங்களில் மீண்டும் மீண்டும் வரும். சொல்லின் நுட்பம் அறிந்த ஒரு புலவரே, சொல்லால் தீராத குழப்பத்தை எண்ணால் தீர்க்கலாம் எனக் கண்டது எண்ணி மகிழத்தக்கது.

அவ்வெண் ஆறு இலக்கங்களை உடையது. முதல் இலக்கம் நாட்டின் பெரும் பகுதியைக் காட்டும். 1 முதல் 8 வரையுள்ள இலக்கங்கள் எட்டு நிலப்பகுதிகளுக்கு உரியன. 9 படைத்துறை அஞ்சலுக்கு உரியது. தமிழ்நாடும் கேரளமும் 6 என்னும் இலக்கத்தின்கீழ் அடங்கும். இரண்டாம் இலக்கம் அப்பகுதியைச் சிறு பிரிவுகளாக்கும். 60 முதல் 64 வரை தொடங்கும் எண்கள் தமிழ்நாட்டிலும், 67 முதல் 69 வரை தொடங்கும் எண்கள் கேரளத்திலும் வழங்குவன. மூன்றாம் இலக்கமும் சேர்ந்தால், கடிதங்களைப் பிரித்தற்குரிய வட்டாரம் இன்னதெனப் புலப்படும். எஞ்சிய மூன்று இலக்கங்கள் கடிதத்தைக் கொண்டு சென்று கொடுக்கும் அஞ்சல் நிலையத்தைக் குறிக்கும். எனவே, 641001 என்றால் கோயம்புத்தூர்த் தலைமை அஞ்சல் நிலையம். 641301 என்றால் நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையம். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தின் எண்ணோ 605 எனத் தொடங்கும். பெயரால் ஒன்றுபட்டவை எண்ணால் வேறுபட்டுவிட்டன.

இம்முறை இயங்குமாற்றைப் பத்துக் கடிதங்கள் கொண்டு பார்க்கலாம். அவை வந்த வரிசையில் பின்வருமாறு உள்ளன என்க: பொள்ளாச்சி 642001, ஈரோடு 638001, மேட்டுப்பாளையம் 641301, உதகமண்டலம் 643001, தாராபுரம் 638656, உடுமலைப்பேட்டை 642126, திருப்பூர் 641601, குன்னூர் 643101, காங்கேயம் 638701, சேலம் 636001. இங்கு முதல் மூன்று இலக்கங்களே அடையாளக் குறி.

தொடக்கத்தில் அறை ஒன்றும் இல்லை. பொள்ளாச்சிக் கடிதத்தின் குறி 642. அக்குறியுள்ள அறை இன்மையால், 642 என எழுதிய புதிய அறை ஒன்று வகுத்து அதில் இடுக. ஈரோட்டுக் கடிதத்தின் குறி 638. அதற்கும் புதிய அறை. மேட்டுப்பாளையத்துக்கு 641, உதகமண்டலத்துக்கு 643 என இரண்டு அறைகள் மேலும் தோன்றும். ஐந்தாவதாக வரும் தாராபுரத்தின் குறி 638. அவ்வறை முன்னரே இருத்தலின் ஈரோட்டுக் கடிதத்தின் பின்னே அதனை வைத்தல் போதும். உடுமலைப்பேட்டை 642-ஆம் அறைக்கும், திருப்பூர் 641-ஆம் அறைக்கும், குன்னூர் 643-ஆம் அறைக்கும், காங்கேயம் 638-ஆம் அறைக்கும் செல்லும். இறுதியில் வரும் சேலத்துக்கு 636 என்னும் புதிய அறை வேண்டும்.

முடிவில் அறைகள் ஐந்து. 642-இல் பொள்ளாச்சியும் உடுமலைப்பேட்டையும், 638-இல் ஈரோடும் தாராபுரமும் காங்கேயமும், 641-இல் மேட்டுப்பாளையமும் திருப்பூரும், 643-இல் உதகமண்டலமும் குன்னூரும், 636-இல் சேலமும் அமைந்துள்ளன. இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று எனக் கூட்டினால் பத்தாகின்றது. வந்த கடிதமும் பத்து. வைத்த கடிதமும் பத்து. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இருமுறை எண்ணப்படவில்லை. இவ்வாறு கூட்டிப் பார்த்தலே வேலை பிழையின்றி முடிந்ததா என அறியும் முதற் சோதனையாகும்.

இவ்வேலையில் ஆராய்ச்சியோ ஐயமோ எங்கேனும் வேண்டியிருந்ததா? இல்லை. குறியைக் காண்பதும் அறையில் இடுவதுமே திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. எனவே, மனமில்லாத பொறியும் இதனைச் செய்யக்கூடும் என்பது வெளிப்படை. அமெரிக்க நாட்டில் ஹெர்மன் ஹாலரித் என்பார் இதனைச் செய்து காட்டினார். அந்நாட்டில் 1880-ஆம் ஆண்டில் எடுத்த மக்கட்கணக்கை வகைப்படுத்தி முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. 1890-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் விவரங்கள் வந்து குவிந்தன. ஹாலரித் ஒவ்வொருவர் விவரத்தையும் ஓர் அட்டையில் துளைகளாகப் பதியச் செய்தார். துளையின் வழியே மின்சாரம் பாயும்போது எண்ணும் பொறியின் முள் நகரும். அருகிலுள்ள பெட்டியில் உரிய அறையின் மூடி திறந்து கொள்ளும். பணியாளர் அட்டையை அவ்வறையில் இடுவர். துளையே குறி; பெட்டியே அடுக்கு. அஞ்சல் நிலையத்து மர அடுக்கும் அமெரிக்கப் பொறியும் ஒரே முறையின் இரு வடிவங்களேயாம்.

இன்றைய கணிப்பொறியும் இம்முறையையே பின்பற்றுகின்றது. வரிசையாக எண்ணிட்டு வைத்த செய்திகளின் தொகுதியைக் கணிப்பொறி நூலார் ‘அணி’ என வழங்குவர். இது செய்யுளுக்கு அழகு தரும் அணியன்று. படை வீரர் வரிசையாய் நிற்கும் அணி போன்றது. ஒரு செயலை ஐயமின்றிச் செய்து முடிப்பதற்கு வகுத்த படிகளை ‘நெறிமுறை’ என்பர். அந்நெறிமுறையைக் கணிப்பொறிக்கு விளங்கும் மொழியில் எழுதினால் அது ‘நிரல்’ எனப்படும்.

அணியில் உள்ளவற்றை இனம் சேர்க்கும் நெறிமுறை ஐந்து படிகளில் அடங்கும். முதற்படி, வெறுமையான ஓர் அடுக்கை அமைத்தல். இரண்டாம் படி, அணியின் முதற்பொருளை எடுத்தல். மூன்றாம் படி, எடுத்த பொருளின் குறியைக் காணல். நான்காம் படி, அக்குறியுள்ள அறை இருப்பின் அதன் இறுதியில் பொருளை வைத்தல். இல்லையாயின், அக்குறியைப் பொறித்த புதிய அறை வகுத்து அதில் வைத்தல். ஐந்தாம் படி, அணியில் இன்னும் பொருள் உளதேல் அடுத்ததை எடுத்து மூன்றாம் படிக்கு மீளுதல், இல்லையேல் நிறுத்துதல். மாணவர்கள் இதனைத் தம் வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். நூல்நிலையத்தில் கலைந்து கிடக்கும் புத்தகங்களுக்கு ஆசிரியர் பெயரைக் குறியாகக் கொண்டு இவ்வைந்து படிகளையும் பின்பற்றினால், ஒரே சுற்றில் அவை இனம் இனமாக அமைந்துவிடும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அறைகள் பலவாயின், உரிய அறை எங்குளது எனத் தேடுவதிலேயே பொழுது கழியாதோ? மர அடுக்கின் முன்னே நிற்கும் பணியாளனுக்குப் பழக்கத்தால் கை தானே உரிய அறைக்குச் செல்லும். கணிப்பொறிக்குப் பழக்கமில்லை, ஆயினும் கணக்கு உண்டு. மூன்று இலக்கக் குறிகள் 000 முதல் 999 வரை ஆயிரமே. ஆயிரம் இடங்களை முன்னரே ஒதுக்கி அவற்றுக்கு அதே எண்களை இட்டு வைத்தால், 641 என்னும் குறியுடைய கடிதம் 641 என எண்ணிட்ட இடத்துக்கு நேரே செல்லும். தேடுதல் என்பதே இல்லை. குறி எண்ணாக இன்றிச் சொல்லாக இருப்பின், அதன் எழுத்துக்களைக் கொண்டு ஒரு கணக்கிட்டு இடத்தின் எண்ணைக் கணிப்பொறி வருவித்துக் கொள்ளும். இருவேறு சொற்களுக்கு ஒரே இடம் வந்துவிட்டால், அங்குள்ள பெயர்ச்சீட்டைப் படித்து வேறுபடுத்தும்.

குறி பொருளின்மேல் எழுதப்பட்டே இருக்கும் என்பதும் இல்லை; சிலவிடத்து அளந்து அறிதல் வேண்டும். கோயம்புத்தூரைப் புகழ்பெறச் செய்த பஞ்சாலைத் தொழில் இதற்குச் சான்றாகும். பருத்தியின் தரத்தை உணர்த்துவனவற்றுள் இழையின் நீளம் தலைமையானது. இந்தியப் பருத்தியை இழை நீளம் கொண்டு ஐவகையாகப் பிரிப்பர். 20 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்ததும் குறுகிய இழை, 20.5 முதல் 24.5 வரை நடுத்தர இழை, 25 முதல் 27 வரை நடுத்தர நீள இழை, 27.5 முதல் 32 வரை நீள இழை; 32.5-உம் அதற்கு மேற்பட்டதும் மிக நீண்ட இழை. கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுவின் என்னும் பருத்தி மிக நீண்ட இழையைச் சார்ந்தது. மெல்லிய நூல் நூற்பதற்கு ஏற்றது. இங்கே நீளத்தை அளந்து, அந்நீளம் எவ்வெல்லைக்குள் அடங்கும் எனக் கண்டு, அதன் பின்னரே அறையைத் தேர்தல் வேண்டும். நெறிமுறையின் மூன்றாம் படி மட்டும் சற்று நீண்டது. ஏனைய படிகளில் மாற்றம் இல்லை.

இனி, இம்முறையின் உயிர்நிலையைக் கருதுதல் வேண்டும். பொருள்கள் அவையேயாயினும், குறி மாறினால் இனமும் மாறும். முன் கூறிய பத்து ஊர்களையும் அஞ்சல் எண்ணால் பிரியாது மாவட்டத்தால் பிரித்துப் பார்க்க. 2009-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளை எடுத்துத் திருப்பூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. திருப்பூர், தாராபுரம், காங்கேயம், உடுமலைப்பேட்டை ஆகிய நான்கும் அம்மாவட்டத்தில் அடங்கும். ஆயின், அஞ்சல் எண்ணில் திருப்பூர் 641, உடுமலைப்பேட்டை 642, தாராபுரமும் காங்கேயமும் 638. ஒரு மாவட்டத்து ஊர்கள் மூன்று அறைகளில் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுள் எது பிழை? எதுவும் பிழையன்று. கடிதம் செல்லும் வழிக்கு அஞ்சல் எண் குறி. ஆட்சிப் பணிக்கு மாவட்டம் குறி. நன்னூலாரும் ஓசையைக் குறியாகக் கொண்டு மெய்களை மூவினமாக்கியதோடு அமையாது, மொழிக்கு முதலில் வருவன இவை, இறுதியில் வருவன இவை என அவற்றையே வேறு வகையாலும் பகுத்துரைத்தார். எதன்பொருட்டுப் பிரிக்கின்றோம் என்பது தெளிவாகாத வரையில் எக்குறியும் நற்குறியாகாது.

குறியைத் தவறாகக் கொண்டால் வரும் கேட்டையும் எண்ணுதல் வேண்டும். அரசு உதவி பெறத்தக்க மாணவரை மாவட்ட வாரியாகப் பிரிக்க விரும்பும் ஒருவன், மாவட்டத்தைக் கேட்டறியாமல் அஞ்சல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையே மாவட்டமெனக் கொண்டான் என வைத்துக்கொள்வோம். தாராபுரத்து மாணவன் பெயர் ஈரோட்டுப் பட்டியலிற் சேர்ந்துவிடும். திருப்பூர் அலுவலகத்தில் அவன் பெயர் இராது. ஈரோட்டு அலுவலகமோ அவன் தம் மாவட்டத்தினன் அல்லன் என்று கூறும். கணிப்பொறி ஒரு பிழையும் செய்யவில்லை. கூட்டிப் பார்த்தாலும் தொகை சரியாகவே இருக்கும். ஆயினும், தகுதியுடைய ஒரு மாணவன் இடையில் நின்று தவிப்பான். கூட்டல் சோதனை எண்ணிக்கையின் பிழையைக் காட்டும்; கருத்தின் பிழையைக் காட்டாது. அதனைக் காண வேண்டியவன் மனிதனே.

குறி தெரியாத பொருளை என் செய்வது என்பதும் முன்னரே முடிவு செய்யத்தக்கது. எண் எழுதப்படாத கடிதமும், மழையில் நனைந்து எழுத்தழிந்த கடிதமும் குவியலில் இருக்கக்கூடும். அவற்றை ஏதோ ஓர் அறையில் திணித்துவிடுதல் எளிது. ஆயினும் அது பிழை. அவற்றுக்கெனத் தனியறை ஒன்று வைத்தல் வேண்டும். அஞ்சல் துறையினர் அத்தகைய கடிதங்களை ஒதுக்கி வைத்து முகவரியை ஆராய்வர். உரியவரிடம் சேர்க்க இயலாமலும், அனுப்பியவர் இன்னார் எனப் புலப்படாமலும் எஞ்சுவனவற்றைத் திருப்புக் கடித அலுவலகத்துக்கு அனுப்புவர். அங்கு அவற்றைத் திறந்து பார்த்து, எழுதியவர் யாரெனத் தெரிந்தால் அவருக்கே திருப்பி அனுப்புவர். தெரியாததைத் தெரிந்ததுபோற் காட்டாது, தெரியாதது எனவே தனியாக வைத்தல் அறிவுடையார் செயலாகும்.

எனவே, இனம் சேர்க்கும் முறையில் வேலை இரு கூறாக அமைகின்றது. ஒன்று, குறியைத் தேர்தல். மற்றொன்று, குறியின்படி வைத்தல். வைத்தல் என்னும் வேலையைப் பொறி மனிதனினும் விரைவாகச் செய்யும், சோர்வின்றிச் செய்யும். தேர்தல் என்னும் வேலையோ மனிதனுக்கே உரியது. சேர வேண்டியவை சேருமா, பிரிய வேண்டியவை பிரியுமா, விடுபடுவோர் எவரேனும் உளரோ என வினவி வினவித் தெளிதல் அவன் கடமை.

முகவரியின் இறுதியில் ஆறு இலக்கங்களைத் திருத்தமாக எழுதும் மாணவன், தான் அறியாத பலருடைய வேலையை எளிதாக்குகின்றான். அவ்வெண்ணை நோக்கி ஒருவர் கடிதத்தை ஓரறையில் இடுகின்றார். மற்றொருவர் அதனைக் கட்டில் சேர்க்கின்றார். வேறொருவர் அதனைச் சுமந்து சென்று வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைக்கின்றார். ஆயிரம் கடிதங்களோடு கலந்து கிடந்த அத்தாளைத் தாய் கையில் வாங்கும்போது, குறியைத் தேர்ந்தவரின் அறிவும் அதன்படி வைத்தவரின் உழைப்பும் ஒருங்கே பயன் தருகின்றன.